ஆவணியில் பால் காய்ச்சிடலாம்

திறப்பு விழாவுக்கு வந்த கூட்டத்தில் கையில் பால் பாக்கெட்டுகளோடு வந்தவர் சூர்யகலா ஒருவர்தான்.

மற்றவர்கள் பொன்னாடையோடும் பூங்கொத்தோடும் வந்தார்கள். ஆரணிப் பட்டு வியாபாரிகள், உள்ளூர் டி.வி.க்காரர்கள், சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கிய உறவினர்கள். வாசலில் வாழைமரம், தெருவை அடைத்துப் பந்தல். சூர்யகலாவின் கட்டைப்பையில் பாலோடு சர்க்கரையும் கற்பூரமும் ஒரு தீப்பெட்டியும் இருந்தன. வந்தவர்களுக்கு அது அருங்காட்சியகம் திறக்கும் நாள். சூர்யகலாவுக்கு வீடு திரும்பும் நாள்.

ஊரில் அதற்குப் பெயர் பெரிய வீடு. ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேருக்குப் பட்டு நூல் கொடுத்த வியாபாரி கட்டியது. அவருடைய பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட, முன்கட்டு பூட்டியே கிடந்தது. பின்கட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் சூர்யகலாவும் அவர் கணவர் முத்துவேலும். படவேட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சூர்யகலா நேராக இறங்கியது அந்தப் பின்கட்டில்தான். ஒரு அறை, ஒரு சமையலறை, நடுவில் வானம் தெரியும் முற்றம். முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து பட்டுப் புடவை முந்திகளுக்குக் குஞ்சம் கட்டினார். மகளைப் பெற்று, வளர்த்து, வந்தவாசியில் கட்டிக்கொடுத்ததும் அங்கிருந்துதான். முன்கட்டில் வௌவால் அடைந்தால் விரட்டியது, வெள்ளிக்கிழமை விளக்கேற்றியது, மழையில் ஓடு சரிந்தால் சென்னைக்குப் போன் போட்டது எல்லாம் அவர்தான். யாரும் செய்யச் சொன்னதில்லை. குடியிருக்கிற வீட்டை யாராவது சொல்லித்தான் பார்த்துக்கொள்வார்களா என்பது அவர் கேள்வி.

வியாபாரியின் பேரன் ஜெகநாதன் ஒரு கோடையில் வந்தார். முற்றத்தில் பாய் போட்டு உட்கார்ந்து மோர் குடித்தார்.

"அக்கா, வீட்ட இப்பிடியே வுட்டா இடிஞ்சி பூடும். முன்கட்ட மியூசியமா ஆக்கலாம்னு கீறோம். ஓடு மொத்தமும் மாத்தணும். அது வரைக்கும் கொஞ்சம் வெளிய இருங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னாக்கா? ஆவணில பால் காய்ச்சிடலாம்."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பால் காய்ச்சுவது என்றால் குடிபோவது. வேறு பொருள் அதற்கு உண்டு என்று சூர்யகலாவுக்குத் தோன்றவே இல்லை. எந்த ஆவணி என்றும் கேட்கவில்லை.

கொசப்பாளையத்தில் ஜெயம் என்பவரின் மாடியில் வீடு கிடைத்தது. போன அன்றைக்குப் பால் காய்ச்ச ஜெயம் பாத்திரத்தோடு வந்து நின்றார். சூர்யகலா வேண்டாம் என்றுவிட்டார். தங்கப்போகிற வீட்டில்தான் பால் காய்ச்ச வேண்டும், இது இடையில் தங்குகிற இடம் என்றார். மூட்டைகளில் பாதியைப் பிரிக்கவே இல்லை. ஒரு ஆவணி போனது. அடுத்த ஆவணியும் போனது. நடுவிலும் பிறகுமாக இரண்டு பொங்கல் வந்து போயின.

"ரெண்டு பொங்கல் என் வூட்ல வெச்சிட்ட. இன்னுமா நீ விருந்தாளி?" என்று ஜெயம் மாடிப்படியில் நின்று கேட்பார்.

"ஆமாக்கா. விருந்தாளிகிட்ட வாடகை வாங்கறது நீ ஒருத்திதான்."

ஜெயம் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார். இருவருக்கும் அது வாடிக்கையாகிவிட்டது.

முத்துவேல் விசைத்தறியில் நின்று நின்று முழங்கால் போனவர். பெரிய வீட்டில் வேலை தொடங்கியபோது ஜெகநாதன் அவரை வாட்ச்மேனாகப் போட்டார். சூர்யகலாவுக்கு அதில் சந்தோஷம். தன் வீட்டுக்குத் தன் ஆளே காவல். சாயங்காலம் அவர் வந்து கால் நீட்டியதும் கேள்வி தொடங்கும்.

"இன்னாய்யா, நம்ப கட்டு எது வரைக்கும் வந்துது?"

"ஓடு மாத்திட்டாங்க."

"ஜன்னலு?"

"பச்சதான். நீ சொன்னாப்பலயே அடிச்சிட்டாங்க."

"அந்த மாடத்த அடைச்சிடப் போறாங்க. பாத்துக்க. தீப்பெட்டி வெக்க வேற எடம் இல்ல."

"அடைக்க மாட்டாங்க. இஞ்சினியருக்கு அந்த மாடம் ரொம்பப் புடிச்சிகீது."

கேட்கக் கேட்கச் சூர்யகலாவுக்கு வீடு கண்முன் எழுந்தது. பிறகு முத்துவேல் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோக ஆரம்பித்தார். கடைசியில் எல்லாவற்றையும் ஒரேடியாகத் தூக்குவது பேஜார் என்றார். முறம் போனது. மரப் பலகை போனது. பொங்கலுக்குப் பொங்கல் இறக்குகிற வெண்கலப் பானை போனது. அது படவேட்டில் அம்மா கொடுத்த சீர். வேலூர் பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டி வாங்கியது. அதன் பிறகு ஒருநாள், மரச்சாமானில் தூசி படியாமல் மூட வேண்டும் என்று பழைய புடவை ஒன்று கேட்டார். சூர்யகலா அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

முத்துவேல் சூர்யகலாவிடம் வாய்விட்டுச் சொன்ன பொய் அந்தப் புடவை ஒன்றுக்குத்தான். மற்றது எல்லாம் நிஜம். ஓடு மாற்றினார்கள். ஜன்னலுக்குப் பச்சை அடித்தார்கள். மாடத்தை அடைக்கவில்லை.

இந்த ஆவணியில் அழைப்பிதழ் வந்தது. காலையிலேயே டூட்டிக்குப் போன முத்துவேல், "நீ ஜல்தியா வராத. கூட்டமா இருக்கும். சாயங்காலமா பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சூர்யகலாவுக்குச் சாயங்காலம் வரை பொறுக்கவில்லை.

பழக்கத்தில் பின் சந்துக்குத்தான் போனார். தன் வாசல் கதவு எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. அதன்மேல் ஒரு பலகை: வெளியே செல்லும் வழி. உள்பக்கம் தாழிட்டிருந்தார்கள். பலகையைக் கூட்டத்துக்காக இன்றைக்கு மட்டும் மாட்டியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு சுற்றி முன்வாசலுக்கு வந்தார்.

உள்ளே பானுப்ரியா என்ற கல்லூரிப் பெண் காதில் மாட்டிய மைக்கோடு கூட்டத்தை நடத்திக்கொண்டு போனார். தூணுக்குத் தூண் ஒலிபெருக்கி. வியாபாரியின் கணக்குப் பிள்ளை உட்கார்ந்த இடம், வியாபாரி சாய்ந்த நாற்காலி, துரை ஒருவரோடு எடுத்த போட்டோ. சூர்யகலா எதையும் பார்க்கவில்லை. தோள்களுக்கு நடுவில் புகுந்து முற்றத்தைத் தாண்டினார்.

சமையலறை வாசலில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது.

காஸ் அடுப்பு இருந்த மேடை இல்லை. அந்த இடத்தில் மண் அடுப்பு. விறகுக்கு நடுவில் நெருப்புப் போல ஒரு சிவப்பு பல்பு. மாடத்தில் தீப்பெட்டி. அடுப்புக்கு முன்னால் மரப் பலகையில் சிவந்த நிறத்தில் ஒரு பெண் பொம்மை உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. கட்டியிருந்தது அரக்குப் புடவை. ஓரத்தில் சூர்யகலாவே போட்ட தையல் தெரிந்தது.

"இது விருத்தாம்பாள் அம்மா சமைச்ச சமையலறை" என்றார் பானுப்ரியா. வியாபாரியின் மனைவி பெயர் அது. "அவங்க காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே பாதுகாத்து வெச்சிருக்கோம். அலமாரில இருக்கிற வெண்கலப் பானை அவங்க பொறந்த வீட்டுச் சீர்."

சூர்யகலா முதலில் பதறவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார். "இது எங்க சமையக்கட்டு. கூட்டம் போனதும் இதெல்லாம் எடுத்துடுவாங்க."

அந்தப் பெண் அவரையும் கட்டைப்பையையும் பார்த்தார். "அந்தப் பொண்ணு சொல்றத கேளுங்கம்மா. அது அவங்களுது" என்றார்.

சூர்யகலா குனிந்து கயிற்றைத் தூக்கினார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா, கயிறு தாண்டக் கூடாது. எதையும் தொடாதீங்க."

நீலச் சட்டை, தோளில் விசில். சொன்ன பிறகுதான் முத்துவேல் ஆளைப் பார்த்தார்.

"யோவ், இன்னாய்யா இது?"

"கூட்டம் போவட்டும் சூர்யா. அப்புறம் பேசிக்கலாம்."

"நம்ப எங்க படுக்கறது? இந்தப் பொம்மை பக்கத்துலயா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சத்தம் கேட்டு ஜெகநாதன் வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். சூர்யகலாவைப் பார்த்ததும் அவர் முகம் உண்மையாகவே மலர்ந்தது.

"அக்கா, வந்துட்டீங்களா? காலைலயே பால் காய்ச்சிட்டோம். எங்க வூட்ல உங்களதான் தேடிகினு இருந்தாங்க."

"யாரு காய்ச்சினது?"

"எங்க வூட்லதான்."

சூர்யகலா பையைக் கீழே வைத்தார். "அப்ப நாங்க எப்ப வர்றது?"

ஜெகநாதனுக்குப் புரியவில்லை. முத்துவேலைப் பார்த்தார். முத்துவேல் தரையைப் பார்த்தார். அப்போதுதான் ஜெகநாதனுக்குப் புரிந்தது.

"அண்ணே, நீங்க சொல்லலையா?" என்றவர் சூர்யகலா பக்கம் திரும்பினார். "போன தைலயே பேசிட்டோமேக்கா. மொதல்ல முன்கட்டு மட்டும்னுதான் நெனச்சோம். அப்புறம் பின்கட்டையும் சேத்துக்கலாம்னு ஆச்சி. அதுக்குதான் அண்ணனுக்கு இங்கயே வேலைய நெரந்தரமா போட்டுக் குடுத்தேன். உங்ககிட்ட சொல்லி சம்மதம் வாங்கிட்டதா சொன்னாரே."

தை முதல் ஆவணி வரை ஒவ்வொரு சாயங்காலமும் அவர் கால் நீட்டிச் சொன்ன ஓடும் ஜன்னலும் சூர்யகலாவுக்கு நினைவு வந்தன.

"நீ தெனமும் ஆசையா கேட்டுகினு இருந்த" என்றார் முத்துவேல். "நான் எப்பிடி ஒடைக்கறது?"

"அதான் ஒண்ணொண்ணா தூக்கிகினு வந்து இங்க வெச்சியா?"

ஜெகநாதன் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அக்கா, உங்களுக்கு டிக்கெட்டே கெடையாது. எப்ப வேணா வாங்க, பாருங்க. கேட்ல நான் சொல்லி வெச்சிடறேன்."

"கேட்ல இவருதான நிக்கிறாரு" என்றார் சூர்யகலா.

அவர் கயிற்றுக்கு மேலே கை நீட்டி, வாசலை ஒட்டிய அலமாரியில் இருந்த வெண்கலப் பானையைத் திருப்பினார். பேர் வெட்டிய பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. எட்டிப் பார்த்த பானுப்ரியா மைக்கை மறந்துவிட்டு வாய்விட்டுப் படித்தார்.

"ர. சூர்யகலா, படவேடு."

முன்கட்டுத் தூண்களில் இருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் அதைச் சொல்லின. வாசல் பந்தல் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "யாரு இது?" என்று பானுப்ரியா கேட்ட கேள்வியும் அப்படியே ஒலிபெருக்கிகளில் ஒலித்தது.

"நான்தாம்மா" என்றார் சூர்யகலா. "இத எடுத்துகினு போறேன்."

பானை கனம். கயிறு குறுக்கே இருந்தது. அந்தப் பக்கக் கொக்கியைக் கழற்றினால்தான் எடுக்க முடியும். கொக்கி முத்துவேலின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் கையை அதன்மேல் வைத்தார். கழற்றவில்லை. தலையைத் தூக்கி ஜெகநாதனைப் பார்த்தார்.

ஜெகநாதன் தலையசைத்தார். முத்துவேல் கழற்றினார்.

அதுவரை கூடச் சூர்யகலாவுக்குக் கோபம்தான் இருந்தது. அந்தப் பார்வையைக் கண்ட பிறகு கோபமும் போய்விட்டது. தன் அம்மா கொடுத்த பானையைத் தான் எடுப்பதற்குத் தன் கணவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்தார். பானைக்குள் பால் பாக்கெட்டுகளைப் போட்டு, பையையும் எடுத்துக்கொண்டு, புடவையைப் பொம்மைக்கே விட்டுவிட்டு நடந்தார். தாழைத் திறந்து, வெளியே செல்லும் வழி என்று எழுதிய தன் வாசல் வழியாகச் சந்தில் இறங்கினார். முத்துவேல் வாசல் வரை வந்தார். "டூட்டி முடிஞ்சதும் வந்துடறேன் சூர்யா" என்றார். சூர்யகலா திரும்பவில்லை.

கொசப்பாளையத்தில் மாடி ஏறியதும் முதல் வேலையாக மூட்டைகளைப் பிரித்தார். அடுப்பைத் துடைத்துக் கோலமிட்டார். பானையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். கீழே குரல் கொடுத்தார்.

"ஜெயக்கா, மேல வா. பால் காய்ச்சறேன்."

ஜெயம் முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னா திடீர்னு? பெரிய வூட்ல காய்ச்சலையா?"

"அங்க காய்ச்சிட்டாங்களாம்."

ஜெயம் சூர்யகலாவின் முகத்தைப் பார்த்தார். கேட்க வந்ததைக் கேட்காமல் கற்பூரத்தைப் பிரித்துக் கொடுத்தார். பால் நுரைத்து ஏறி, பேர் வெட்டிய பக்கமாக வழிந்தது. நல்ல பக்கம்தான், கிழக்கு என்றார் ஜெயம். சூர்யகலா சர்க்கரை போட்டு டம்ளர்களில் ஊற்றினார். ஜெயத்துக்கு ஒன்று, கீழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு, எதிர்வீட்டுக்கு.

"இனிமே நீ விருந்தாளி இல்ல" என்றார் ஜெயம், டம்ளரை வாங்கிக்கொண்டு.

"இல்லக்கா."

விளக்கு வைக்கும் நேரத்தில், ஜெயம் இரண்டாவது டம்ளர் பாலோடு உட்கார்ந்திருந்தபோது, முத்துவேல் படியேறி வந்தார். சட்டை மாற்றவில்லை. விசில் தோளிலேயே தொங்கியது. வாசலில் நின்று, பிரித்த மூட்டைகளையும் அடுப்பில் இருந்த பானையையும் பார்த்தார். சூர்யகலா திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். யோவ் என்று ஒரு சத்தம் போட்டால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

சூர்யகலா எழுந்தார். தலைப்பைச் சரிசெய்துகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒருமுறை கூடப் பேசியிராத குரலில் பேசினார்.

"வாங்க."

ஜெயம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உக்காருங்க" என்றார் சூர்யகலா. பாயை விரித்து, பாலை ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். "பால் சாப்ட்டுட்டுப் போங்க."

முத்துவேல் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.