பயனாளி யார்: கொரட்டூரிலிருந்து பாரிவாக்கம் வரை ஒரு நாள்

சென்னையின் மேற்குப் புறநகரில் இயங்கும் மாலை வகுப்புகளையும் நாடகக் குழுக்களையும் பார்த்துவிட்டு உதவ நினைக்கிறோம், எப்படிப் போவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். வழி சொல்கிறேன். அதற்கு முன் நான் போன ஒரு பயணத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை. அப்போது நான் கல்லூரியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஆவடி தொழிற்சாலையில் வேலை, வீடு அங்கே குவார்ட்டர்ஸில். மாலையில் ரயிலேறி கொரட்டூர் போய், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், வேலை பார்த்த பெண்களுக்கு நடந்த வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஏரிப் பக்கம் ஒரு வாடகை அறை. அங்கேதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுவதும் நாடக ஒத்திகையும் நடக்கும்.

இரண்டையும் நடத்தியவர் ஸ்டெல்லா அக்கா. எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டியவர். தகட்டை அச்சில் வைத்துக் காலால் மிதித்தால் ஒரே அடியில் வெட்டித் தள்ளுகிற இயந்திரம் அது. கை உள்ளே போகாமல் இருக்க முன்னால் ஒரு தடுப்பு இருக்கும், ‘கார்டு’ என்பார்கள். அது இருந்தால் வேலை மெதுவாகும் என்று கழற்றி வைத்துவிடுவார்கள். அக்காவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அப்படித்தான் போயின. மோதிர விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் சாக்பீஸைப் பிடித்து எழுதுவார். என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கும்.

வாடகை பாக்கிக்காக அந்த மாதத்தோடு அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஓர் அறக்கட்டளை, வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மையார் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் இரண்டு வருட வாடகை தருவதாகச் சொன்னது. ஆகவே அந்த ஒரு நாளில் அவர் மனதைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பு தெருவுக்கு வரும்.

காலை எட்டரைக்குக் கொரட்டூர் ஸ்டேஷன் வாசலில் கூடினோம். அம்மையாருக்கு அம்பாசடர் கார். எங்களுக்கு ஒரு மெட்டடோர் வேன், ஓட்டுநர் மூர்த்தி அண்ணன். அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் தனசேகர் ஒரு மூட்டையை அவிழ்த்து ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுத்தார், அறக்கட்டளையின் பெயர் அச்சடித்தது. “போட்டோல பேரு தெரியணும்மா, எல்லாரும் போட்டுக்கங்க” என்றார். பூ வைத்த தலையில் அந்தத் தொப்பி உட்காரவே இல்லை. மூர்த்தி அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு, “இன்னா அண்ணாத்தே, கிரிக்கெட் மேட்சுக்கா போறோம்?” என்று என்னிடம் கேட்டார். தானம் கொடுப்பவர்கள் முதலில் வாங்கிக்கொள்வது நம் தலையைத்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

முதல் இடம் அம்பத்தூர் எஸ்டேட். அதிகம் போனால் மூன்று கிலோமீட்டர். டீ இடைவேளையில் கம்பெனி வாசலில் நாடகம் போடுவது எங்கள் வழக்கம், பார்க்க வேண்டியவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள். தனசேகர் வேனை நிறுத்தவே விடவில்லை. “இங்க வேணாம், டைம் இல்ல” என்றார். கார் முன்னால் போக, டீக்கடையில் நின்ற எங்கள் வகுப்புப் பெண்கள் வேனைப் பார்த்துக் கையாட்டினார்கள். அம்மையார் எஸ்டேட்டைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

அங்கிருந்து ஆவடி எட்டு கிலோமீட்டருக்குள்தான். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதால் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது. எங்கள் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் வேப்பமரத்தடியில் நாடகம் போட்டோம். நல்ல கூட்டம். தொழிற்சாலை வேலைக்காக வந்து குடியிருந்த திருநெல்வேலிக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் குடும்பத்தோடு வந்து நின்று பார்த்தார்கள். முதலாளி வேடம் போட்ட பெண் கார்டைக் கழற்றித் தூக்கிப் போடுகிற காட்சியில் எல்லோரும் இன்னும் நெருங்கி வந்து நின்றார்கள். வரிக்கு வரி நான் மொழிபெயர்த்தேன். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும்போது தனசேகர் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நாடகம் அருமைம்மா. சாயங்காலம் அந்த கார்டு சீன் மட்டும் வேணாம்.”

“அதான் சார் நாடகமே.”

“கவனக்குறைவால விபத்துன்னு மாத்திக்கங்க. விழிப்புணர்வு மாதிரி இருக்கும். யார் மேலயும் குத்தம் சொல்ற மாதிரி இருக்கக் கூடாது.”

அக்கா கையிலிருந்த சோற்றைப் பொட்டலத்திலேயே வைத்தார். பிறகு, “ரூம் ஓணும் சார். எடுத்துட்றோம்” என்றார். விரலைப் பறிகொடுத்தவரையே ‘என் கவனக்குறைவு’ என்று சொல்ல வைத்து, அதற்கு விழிப்புணர்வு என்று பெயரும் வைக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி சாலையில் போனால் பூந்தமல்லிக்கு முன்பே பாரிவாக்கம் வந்துவிடும். அரை மணி நேரம்கூட ஆகாது. அப்போது இரண்டு பக்கமும் வயல், நடுவில் அங்கங்கே மனை போட்ட கல். அப்படி வாங்கிப் போட்ட ஒரு பெரிய மனையில் ஷாமியானா கட்டியிருந்தார்கள். அறக்கட்டளையின் உள்ளூர்ப் புரவலர் இடமாம். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அக்கா வேன் படியிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாக்கா, இறங்கு” என்றார் மூர்த்தி அண்ணன்.

“எங்க பழைய மொதலாளி” என்றார் அக்கா.

கார்டைக் கழற்றச் சொன்னவர். கம்பெனி வாசலில் எங்களை ஏன் நிறுத்தவிடவில்லை, காட்சியை ஏன் வெட்டச் சொன்னார்கள் என்பதெல்லாம் அந்த நிமிடத்தில் விளங்கிவிட்டது. தனசேகர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஒத்துக்கொண்டபடி காட்சி இல்லாமல்தான் நாடகம் போட்டோம். உப்புச் சப்பில்லாமல் முடிந்தது, முன்வரிசை கை தட்டியது. அடுத்து தனசேகர், “இப்பொழுது ஒரு பயனாளி பேசுவார்” என்று அறிவித்துவிட்டு, அக்காவிடம் மைக்கைக் கொடுத்து, “நான் ஒரு பயனாளின்னு ஆரம்பிங்க” என்று மெதுவாகச் சொன்னார். மைக்கில் அதுவும் கேட்டது.

அக்கா மைக்கிலேயே கேட்டார். “பயனாளின்னா இன்னா சார்?”

“பயன் அடைஞ்சவங்கம்மா.”

“அப்போ நான் இல்ல சார்” என்றார் அக்கா. குரல் ஏறவே இல்லை. “என் ரெண்டு வெரலால பயன் அடைஞ்சவரு அதோ முன்னால மாலை போட்டுகினு குந்திகினு கீறாரு. கார்டைக் கழட்டுனா பீஸ் நெறைய வரும்னு கழட்டச் சொன்னாரு. வந்துச்சு. பயனாளி அவரு. அவரக் கூப்ட்டுப் பேசச் சொல்லுங்க.”

சொல்லிக்கொண்டே வலது கையை அவர் பக்கம் நீட்டினார். சுட்டிக் காட்ட விரல் இல்லை, முழுக் கையையும் உயர்த்தித்தான் காட்ட வேண்டியிருந்தது. அறக்கட்டளையின் புகைப்படக்காரர் அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தார்.

என்ன பேசினார் என்று அம்மையார் தனசேகரைக் கேட்டார். அவர், “உங்களுக்கு நன்றி சொல்கிறார்” என்றார். நான் எழுந்து அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு, மனதை உலுக்கிவிட்டது என்றார். பிறகு புரவலர் வீட்டு டிபனுக்குப் போனார். எங்களுக்கு வேனில் இடம் இருந்தது. மூர்த்தி அண்ணன் கொரட்டூர் வரும்வரை பாட்டுப் போடவில்லை.

பணம் வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. அறை போனது. அக்கா போகிற சர்ச்சின் பின்பக்கத் தாழ்வாரத்தில் வகுப்பை வைத்துக்கொண்டோம், மழை பெய்தால் லீவு.

இனி நீங்கள் கேட்ட வழி. கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி மூன்றுக்கும் மின்சார ரயிலே வசதி, காரில் போய் எஸ்டேட் நெரிசலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆவடியிலிருந்து பாரிவாக்கம் வழியாகப் பூந்தமல்லிக்குப் பேருந்து உண்டு. திருவேற்காடு பக்கம் போக வேண்டுமானால் பூந்தமல்லியில் ஷேர் வேன் பிடியுங்கள். வகுப்பைப் பார்க்கப் போனால் ஒரு முழு வகுப்பும் உட்காருங்கள். தொப்பி, பனியன், பேனர் எதுவும் கொண்டுபோகாதீர்கள். உங்கள் புரவலர் யார், அவர் சம்பாதித்தது எங்கே என்று முதலில் விசாரியுங்கள். படம் எடுத்தால் அதன் கீழே என்ன எழுதப்போகிறீர்கள் என்று படத்தில் இருப்பவரிடமே கேளுங்கள்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அடுத்த வருடம் அறக்கட்டளையின் வழவழப்பான ஆண்டு மலர் ஒன்று எங்கள் கைக்கு வந்தது. அதில் முழுப் பக்கத்துக்கு ஸ்டெல்லா அக்கா, மஞ்சள் தொப்பியும் உயர்த்திய கையுமாக. புரவலர் படத்தில் இல்லை, வெட்டியிருந்தார்கள். கீழே, ‘பாரிவாக்கத்தில் மகிழ்ச்சியுடன் கை அசைக்கும் ஒரு பயனாளி’ என்று போட்டிருந்தது. ஒரு பைசா கொடுக்காதவர்கள் அந்தப் படத்தை வைத்து யாரிடம் எவ்வளவு வாங்கினார்களோ தெரியாது. நான் அதைக் கிழிக்கப் போனேன்.

“இரு நைனா, பாடத்துக்கு ஆவும்” என்று அக்கா பிடுங்கிக்கொண்டார். தாழ்வாரச் சுவரில் அதை ஒட்டி, அடியில் இருந்ததில் ‘மகிழ்ச்சியுடன்’ என்பதை அடித்தார். ‘கை அசைக்கும்’ என்பதை அடித்துவிட்டு ‘கை காட்டும்’ என்று எழுதினார். ‘ஒரு பயனாளி’ இருந்த இடத்தில் ‘ஸ்டெல்லா’ என்று எழுதினார். பிறகு பலகையில் அன்றைய கேள்வியைப் போட்டார்: ஸ்டெல்லா யாரைக் கை காட்டுகிறாள்?

அன்று வகுப்பில் யாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதவில்லை. எல்லோருடைய விடையும் சரியாக இருந்தது.