சத்தம் அடங்கிய எஞ்சினும் அண்ணன் ஏற்ற பழியும்

அண்ணன் ஓட்டிவந்த காரின் எஞ்சினைக் கெடுத்தவன் நான். பழியை அவர் ஏற்றுக்கொண்டார். நான் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். இந்த நினைவு மலரில் அவருடைய நற்குணங்களை எழுதித் தரச் சொன்ன அவர் மகளிடம் முதலில் இதைச் சொன்னேன். "அதையே எழுதுங்க சித்தப்பா" என்றாள்.

அண்ணன் பிறந்தது ஹனூரை அடுத்த ராமாபுரத்தில். தந்தையை இழந்தபின் என்னையும் அழைத்துக்கொண்டு மைசூருக்கு வந்து, பட்டு நூல் வியாபாரி ஒருவரின் வீட்டில் டிரைவராகச் சேர்ந்தார். கார் ஷெட்டை ஒட்டிய அறையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்துதான் நான் பி.எஸ்சி. படித்து முடித்தேன். மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறிய சில ஆண்டுகளில் அண்ணனுக்குத் திருமணமும் ஆயிற்று.

அந்தக் கார் லட்சம் மைலைத் தாண்டியது. எஞ்சின் 'டிக் டிக்' என்று சத்தமிடும். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். அதைச் சரிசெய்வதை டேப்பெட் வைப்பது என்பார்கள். சூடேறினால் இரும்பு நீளும். இடைவெளி இல்லையென்றால் வால்வு சரியாக மூடாமல் எரிந்துபோகும். அண்ணன் எஞ்சினைச் சூடாக்கி, மெல்லிய தகடு ஒன்றைச் செருகி இழுத்துப் பார்த்து, சற்றுத் தாராளமாகவே வைப்பார். அந்த இடைவெளிதான் 'டிக் டிக்' என்று கேட்கும்.

முதலாளிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. குடும்பத்தோடு மாதேஸ்வரன் மலைக்குப் போவதற்குள் அது நிற்காவிட்டால் வேறு டிரைவர் பார்ப்பதாகச் சொன்னார். அண்ணன் அசையவில்லை. எனக்கோ தம் கிடங்கில் குமாஸ்தா வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த வேலையும் போய், அறையும் போய்விடும் என்று பயந்தேன். அண்ணியைப் பிரசவத்துக்கு ஊரில் விட அண்ணன் போயிருந்த அன்று, குளிர்ந்திருந்த எஞ்சினைத் திறந்து எட்டு டேப்பெட்டையும் இறுக்கினேன். தகடு வைத்துப் பார்க்கவில்லை. ஸ்டார்ட் செய்தபோது சத்தமே இல்லை. படித்தவன் நான், அதையே சரி என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலை அண்ணன் பஸ் இறங்கி வந்தபோது முதலாளி வீட்டார் எல்லோரும் மலைக்குப் புறப்படக் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டார்ட் செய்தவர் தலையை வெளியே நீட்டினார்.

"டேப்பெட்டத் தொட்டியாடா?"

"இல்லீங்ணா."

"அப்பச் சரி."

கௌதள்ளி தாண்டி மலை ஏறும்போது வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. முதலாளியின் வயதான தாயார் வெயிலில் சாலையோரம் உட்கார நேர்ந்தது. எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், டேப்பெட் இறுக்கத்தால் வால்வு எரிந்ததாகச் சொன்னார். தாமே இறுக்கியதாக அண்ணன் முதலாளியிடம் சொல்லிவிட்டார். அறைக்கு வந்ததும் நான் பேச்சைத் தொடங்கினேன். "உனக்கு வேல கெடைக்கற நேரம். வாயத் தொறக்காத" என்றார்.

முதலாளி அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, கிடங்கின் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார். எனக்குச் சொன்னபடி உள்ளே வேலை கொடுத்தார். தினமும் காலையில் அண்ணன் கேட்டைத் திறந்து, "வாங்க சார்" என்பார். முதல் நாள் கேலி என்று நினைத்தேன். அது ஓயவே இல்லை. வேலையை விட்டால் குடும்பம் தெருவில் நிற்கும். இருந்தால் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். புது டிரைவர் காரை எடுக்கும்போதெல்லாம் அண்ணன் காதைச் சாய்த்துக் கேட்பார். வண்டியைப் பற்றி அவரிடம் எவரும் எதுவும் கேட்டதில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களில் 'எஞ்சினை எரித்த டிரைவர்' என்று அவரைக் கிண்டல் செய்வார்கள். நானும் அதே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

பல ஆண்டுகள் கழித்து முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அண்ணனை அழைத்துச் சாவியை நீட்டினார். அதற்குள் அண்ணனுக்குப் பார்வை மங்கியிருந்தது. வாங்க மறுத்துவிட்டார். "கண்ணு தெரியாதவன் ஓட்டுனா வண்டில யாருடா ஏறுவாங்க?" என்று என்னைக் கேட்டார். டேப்பெட் வைக்கக் கண் வேண்டாம், தகட்டின் பிடி விரலுக்குத் தெரிந்தால் போதும் என்றவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறக்கச் சொன்னார். நான் ஸ்பேனரைப் பிடித்தேன். அவர் தகட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"சத்தம் வருதாடா?"

"வருதுங்ணா."

"அப்பச் சரி."

மறுநாள் கேட்டில் "வாங்க சார்" என்றுதான் சொன்னார்.

கடைசி நாட்களில் அவரைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் மகளுக்கும், ஆஸ்பத்திரியில் முறைவைத்துத் துணையிருந்த கிடங்குத் தொழிலாளர்களுக்கும், ராமாபுரத்திலிருந்து வந்து காரியங்களில் உடன் நின்ற உறவினர்களுக்கும் என் நன்றி. உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த எஞ்சினை எரித்தவர் யார் என்ற பேச்சு இனி எங்கே எழுந்தாலும், என் பெயரைச் சொல்லுங்கள்.