மூக்கைப் பொத்தாத மெம்பர்

எங்க தெருக் கிணறு கெட்டுப்போன வருஷம்தான் பஞ்சாயத்து போர்டு எலெக்‌ஷனும் வந்தது. தோல் பதனிடற ஷாப்புக் கழிவுத் தண்ணி உள்ளே இறங்கி, கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாத நாத்தம். என் கைக்குழந்தைக்கு வயித்தால போறது நிக்கவே இல்ல. இடுப்புல அதையும் தலையில குடத்தையும் வச்சுக்கிட்டு பாலாத்து ஊத்துக்கு நடையா நடந்தேன். எவன் ஜெயிச்சா எனக்கென்ன, ஒரு புதுக் கிணறு வெட்டிக் குடுத்தா போதும்னு இருந்தது.

நின்னது ரெண்டு பேர். ஒரு வக்கீல், ஒரு அரிசி மண்டிக்காரர். ரெண்டு பேரும் எங்க வூட்டுக்காரர் வேலை செய்யற தோல் ஷாப்புக்கு ஓட்டுக் கேட்டு வந்தாங்க. வக்கீல் வாசல்லயே கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டாரு. மண்டிக்காரர் தோல் ஊறுற சுண்ணாம்புத் தொட்டி ஓரமா, பூக்கடையில நிக்கிற மாதிரி நின்னு சிரிச்சுப் பேசினாரு. அவ்ளோதான், முடிஞ்சது கதை. கிணத்தைப் பத்தி ஒருத்தனும் வாயைத் திறக்கல.

"நம்ம நாத்தத்தைச் சகிச்சவருதான் நம்ம மனுஷன். தங்கமான குணம்"னாரு எங்க வூட்டுக்காரர். "நாறுதுன்னா நாறுதுன்னு காட்டினாரு பாரு மச்சான், வக்கீல்தான் யோக்கியர்"னான் எங்க அண்ணன். அந்தக் காலத்துல வரி கட்டற கொஞ்சம் பேருக்குத்தான் ஓட்டு. அடிச்சுக்கிட்டது மொத்தத் தெருவும். காபி கிளப்புல சளி புடிச்ச ஒருத்தர், பாவம், மூக்கைத் தொடைக்கப் போயி வக்கீல் கட்சின்னு உதை வாங்கினாரு. மண்டிக்காரர் ஆளுங்க செத்த நாய் கிடந்தாலும் நெஞ்சை நிமித்தி மூச்சை இழுத்துக்கிட்டே போனாங்க. இவங்க என்ன பைத்தியக்காரங்களான்னு நான் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊத்துக்கு நடந்தேன்.

வக்கீல் மறுபடியும் வந்தாரு, கைக்குட்டை இல்லாம. மூச்சை அடக்கிக்கிட்டு எவ்ளோ பேச முடியும்? மூஞ்சி செவந்து, கண்ணு பிதுங்கி, கடைசியில தொட்டிக்குள்ளயே வாந்தி. மண்டிக்காரர் ஜெயிச்சு மெம்பராயிட்டாரு.

மறுநாளே ஒரு சொம்புல கிணத்துத் தண்ணியை எடுத்துக்கிட்டு, வூட்டுக்காரரையும் இழுத்துக்கிட்டு மண்டிக்குப் போனேன். "மோந்து பாருங்கய்யா. எங்களுக்கு வேற கிணறு வேணும்"னேன்.

மெம்பர் சொம்புக்குள்ள மூக்கை வுட்டு நல்லா இழுத்தாரு. "இன்னாம்மா இதுல? ஒண்ணும் தெரியலையே." ஒரு வாய் குடிச்சும் பாத்தாரு. "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

பக்கத்துல இருந்த கணக்குப்பிள்ளை சாவகாசமா சொன்னாரு: "அம்மை வந்து பொழச்சதுலேர்ந்து ஐயாவுக்கு மோப்பமே கிடையாதும்மா. இங்க அரிசி மக்கினாக்கூட நாங்கதான் சொல்லணும்."

"எனக்கே தெரியாத நாத்தத்தை போர்டுல போயி எப்படிம்மா சொல்றது? பொய்யாயிடுமே"ன்னாரு மெம்பர். அடப்பாவி, நெசமாவே யோக்கியன்.

எங்க வூட்டுக்காரர் வழியெல்லாம் பூரிச்சுப்போயி வந்தாரு. "பாத்தியா? நம்ம தண்ணியை மூஞ்சி சுளிக்காம குடிச்சாரு. குணம்டி, குணம்!"

வூட்டுக்கு வந்ததும் நான் ஊத்துத் தண்ணியைக் குழந்தைக்கு ஒதுக்கி வச்சுட்டு, கிணத்துத் தண்ணியில கஞ்சி காய்ச்சி அவரு முன்னாடி வச்சேன். அவரு கை மூக்குக்குப் போச்சு.

"கையை எடுங்க"ன்னேன்.