ராத்திரி மாத்திரை

எதையாவது மிச்சம் பிடிக்காமல் ஜமீலுன்னிசாவுக்கு ஒரு பொழுதும் போனதில்லை. தி.நகர் கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைக்கிறவள். மிஞ்சிய துண்டுத் துணியிலேயே வீட்டுத் தலையணைகளுக்கெல்லாம் உறை போட்டுவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்த்தது.

கணவர் இனாயத்துக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். செலவெல்லாம் மகன் ஃபராஸின் ஆபீஸ் இன்ஷூரன்ஸ். அவன் தெளிவாகத்தான் சொன்னான்: "டிஸ்சார்ஜ் ஆகி அறுபது நாள் வரைக்கும்தாம்மா மாத்திரைக்குப் பணம் தருவாங்க. அப்புறம் நம்ம கைக்காசுதான்." டாக்டரோ, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைக் காலையும் இரவுமாக ஒரு வருஷம் விடக் கூடாது என்றிருந்தார்.

அறுபது நாளுக்கு அப்புறம்? கேட்டால் பிள்ளை கடன் வாங்குவான். அவள் யாரையும் கேட்கவில்லை. காலையில் அசல் மாத்திரை கொடுத்தாள். ராத்திரியில் அதே மஞ்சள் நிறத்தில் ஒரு சத்து மாத்திரை. மிச்சமான அசலைப் பத்திரப்படுத்தினாள். வெள்ளம் வருமுன் அணை போட்டுவிட்டோம் என்று நிம்மதி வேறு.

இன்று மயிலாப்பூர் டாக்டர் முன்னால் இனாயத் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு படி ஏறினாலே வலி. ஈசிஜியைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

"ரெண்டு வேளையும் மாத்திரை போடுறீங்களா?"

"ஒரு வேளை தப்பினதில்ல சார். எல்லாம் இவ கையாலதான்," என்றார் இனாயத், பெருமையாக.

"அப்ப இந்த மருந்து உங்களுக்குக் கேக்கல. மாத்தி எழுதறேன். நாளைக்கு அட்மிட் ஆகுங்க." டாக்டர் பேனாவை எடுத்தார்.

ஜமீலுன்னிசா அந்தப் பேனாவையே பார்த்தாள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷர் உயிரே போகலாம். பேனா எழுத ஆரம்பித்துவிட்டது.

"எழுதாதீங்க சார். ராத்திரி மாத்திரை அவர் போடவேயில்ல. நான்தான் வேற குடுத்தேன்." அவள் கை பேனாவை மறித்தது. "அறுபது நாளுக்கு அப்புறம் வேணுமேன்னு எடுத்து வச்சேன்."

டாக்டர் எழுந்தேவிட்டார். "அப்புறத்துக்கு அவர் இருக்க வேணாமாம்மா? இப்பவே அட்மிட் பண்ணுங்க."

இனாயத் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அடைப்பை எடுத்தார்கள். பிழைத்து வீடு வந்து சேர்ந்தார். அன்றிரவு ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் மாத்திரையுமாக அவள் கட்டிலருகே போய் நின்றாள். அவர் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"மாத்திரை அட்டையை எடுத்துட்டு வா," என்றார்.