கரப்பானுக்குப் பை கொண்டுபோன மாயாபந்தர் பயணம்

அந்தமானுக்குக் கடல் பார்க்கப் போவார்கள், தேனிலவுக்குப் போவார்கள். நான் கரப்பான்பூச்சிக்குப் பை கொண்டுபோனேன். சிரிக்காதீர்கள், நிஜம்தான். பாளையங்கோட்டையில் படித்தபோது என் விடுதி அறைத்தோழியாக இருந்த ஜெயந்தி, கல்யாணமாகி மாயாபந்தரில் இருக்கிறாள். அங்கே ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பொங்கல் கழிந்து பத்து நாள் லீவு போடுகிறேன் என்றதும், "வரும்போது சென்னையில ஒரு பார்சல் வாங்கிட்டு வந்துரு. தபால்ல விட்டா ஆடி மாசம்தான் வரும்" என்றாள்.

பார்சலுக்குள் நகத்தளவு ஒரு சர்க்யூட், ஒரு பொடி பேட்டரி, தலைமுடி போலக் கம்பிகள். இதை உயிரோடிருக்கும் கரப்பானின் முதுகில் ஏற்றி, கம்பியை அதன் மீசைக்குள் செருகினால், செல்போனை விரலால் தள்ளி அதை இடம், வலம் திருப்பலாம். இடிந்த கட்டடத்துக்குள் ஆள் நுழைய முடியாத சந்தில் இப்படிப் பூச்சியை அனுப்பித் தேட முடியுமா என்று பல ஊர்களில் முயன்று வருகிறார்களாம். பள்ளியில் பேரிடர் விழிப்புணர்வு நிகழ்ச்சி. அதில் அதிகாரிகள் முன்னால் ஜெயந்தி இதைச் செய்துகாட்டப் போகிறாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் மூன்று வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கும் ஆய்வக அறை கிடைக்கலாம். இப்போதைக்கு அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் பள்ளி மாடிப்படிக்கு அடியில் தலை இடிக்க இடிக்க சால்டரிங் செய்கிறார்கள்.

சென்னை விமான நிலையச் சோதனையில் டப்பாவைத் திறக்கச் சொன்னார்கள். "கரப்பான்பூச்சிக்கு மாட்டுற பை சார்" என்றேன். அந்த மனிதர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார். இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். ஜங்லிகாட்டில் கடைகளுக்கு நடுவே ஒரு லாட்ஜ், ஒரு ராத்திரிக்கு 1,100 ரூபாய். மின்விசிறி சத்தம் போட்டாலும் சுத்தமான அறை.

மறுநாள் விடியற்காலை 4.30 பேருந்து. மாயாபந்தர் சுமார் 240 கிலோமீட்டர். எனக்கு டிக்கெட் 290 ரூபாய் ஆனது. ஜாரவா பழங்குடியினரின் காடு தொடங்கும் ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றாக அனுப்புகிறார்கள். கண்டக்டர் மதுரைக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது தீவில்தான். "தீதி, மொபைலைப் பேக்ல போட்ருங்க. ஜாரவா ஏரியா, போட்டோ பில்குல் கூடாது. பிடிச்சா சீதா கேஸ்தான், நேரா ஸ்டேஷன்" என்றார். போட்டுவிட்டேன். நீங்களும் போட்டுவிடுங்கள், கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். அதற்கப்புறம் காடு, பேருந்தோடு சேர்த்து ஏற்றிப்போகும் ஃபெரி, மறுபடி காடு. ரங்கத் என்ற ஊரில் பூரி சாப்பிட்டு, மதியம் 2.20க்கு இறங்கினேன். இடுப்பு தனியாக, நான் தனியாக.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் காலையில் ஐஸ் வாங்கப் படகுத்துறை ஜெட்டிக்குப் போனோம். கரப்பானை ஐஸ் தண்ணீரில் போட்டால் மயங்கிவிடும், அப்புறம்தான் கம்பி வேலை. பூச்சிக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஜெயந்தி வீட்டுச் சமையலறையிலேயே கட்டைவிரல் நீளத்தில் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாள். மீனும் ஐஸும் விற்கும் அப்பாராவ் எங்கள் வயதுக்காரர், தெலுங்குக் குடும்பம், ஊரில் எல்லோரோடும் எல்லா பாஷையும் பேசுவார். எதற்கு ஐஸ் என்று கேட்டார். ஜெயந்தி வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் அள்ளிய ஐஸைத் திரும்பப் பெட்டியிலேயே கொட்டினார். "இதுக்கு ஐஸ் நஹி டீச்சர்ஜி. அடிச்சுக் கொல்லுங்க, பர்வா நஹி. உசுரோட வச்சு ஸ்டியரிங் போடுறீங்களே, அது நல்லா இல்ல."

ஜெயந்தி விடுவாளா? அவர் காலடியில் உயிரோடு கட்டிப்போட்டிருந்த நண்டுகளைக் காட்டினாள். "இது மட்டும் நல்லா இருக்கா அண்ணே?"

"நண்டைக் கட்டுவேன். ஆனா டான்ஸ் ஆடுன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அப்பாராவ்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜெயந்திக்கோ காது சிவந்துவிட்டது. கடைசியில் ஜூஸ் கடையில்தான் ஐஸ் வாங்கினோம்.

கம்பி வைக்கும் வேலையை நான் பாதிதான் பார்த்தேன். மீசையின் நுனியை அவள் கத்தரித்தபோது, "வலிக்குமாட்டி?" என்று கேட்டேன். "தெரியல. யாருக்குமே சரியாத் தெரியல. அதான் ஐஸ் வச்சேன்" என்றாள். வெட்டின மீசை வளருமா என்றதற்கு, "வளர்ந்த பூச்சிக்கு வளராது" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கூடத்தில் ஓட்டிப் பார்த்தோம். வலது மீசைக்கு மின்சாரம் தட்டினால், எதிரே சுவர் இருப்பதாக நினைத்து இடது பக்கம் திரும்பிவிடுகிறது. கரப்பானைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நிற்கிற பிறவி நான். அரை மணி நேரம் போனை யாருக்கும் கொடுக்கவில்லை! சோபாவைச் சுற்ற விட்டேன், செருப்புக்கு நடுவே நுழைய விட்டேன், "கேப்டன்" என்று பேர்கூட வைத்தேன். அப்புறம் கேப்டன் திரும்பவில்லை. அடிக்கடி தட்டினால் பழகிப்போய்க் கண்டுகொள்ளாதாம், ஓய்வு கொடுக்க வேண்டுமாம். "சவத்த, கரண்டைக் கொஞ்சம் கூட்டித் தாயேன்" என்றேன் ஜெயந்தியிடம்.

ஜெயந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்குக் கேட்டது. பூச்சிக்கு வலித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு ஜாலியாக இருந்தது, அது தெரியும். வெட்கமாகப் போய்விட்டது. போனை அவளிடம் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனேன்.

மறுநாள் காலை 11 மணி. பள்ளி மைதானத்தில் செங்கல்லும் உடைந்த ஓடும் குவித்து, அடியில் ஒரு பொம்மையை வைத்திருந்தார்கள். நாலு அதிகாரிகள், நூறு பிள்ளைகள், வேலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு அப்பாராவ். கேப்டன் சொன்னபடி போனது. இடது, வலது, ஓட்டுக்கு அடியில். மைதானமே கத்தியது. பொம்மைக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது. ஜெயந்தி தட்டினாள். அசையவில்லை.

முன் வரிசையில் இருந்த பெரிய அதிகாரி, நம் தமிழ்நாட்டுக்காரர்தான், "கொஞ்சம் கூட்டுங்களேன் மேடம்" என்றார். நான் ஜெயந்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டினால் நகரும். நகர்ந்தால் ஆய்வக அறை.

அவள் போனைக் கீழே வைத்தாள். "இவ்வளவுதான் சார். கூட்ட மாட்டேன்."

"நிஜமாவே உள்ளே ஆள் மாட்டியிருந்தா?"

"இருந்தாக் கூட்டுவேன் சார், எவ்வளவு முடியுமோ அவ்வளவும். இங்க ஆள் இல்ல, கைத்தட்டல்தான் இருக்கு."

அதிகாரி "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று தாலுகா ஆபீஸில் தட்டச்சராக இருக்கிற எனக்குத் தெரியாதா? கண் கலங்கிவிட்டது. ஜெயந்தி குனிந்து பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கர்மாடாங் கடற்கரைக்குப் போனோம், ஊரிலிருந்து 13 கிலோமீட்டர், போகவர ஆட்டோ 600 ரூபாய். கூட்டமே இல்லை. ஜெயந்தி வழி முழுக்கப் பாட்டுப் பாடி என் மானத்தை வாங்கினாள். வழியில் அப்பாராவ் நிறுத்தி இரண்டு நண்டு கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். ருசியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போகிறவர்களுக்கு: கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், நெட்வொர்க்கை நம்பாதீர்கள். டிக்கெட்டை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது, கடற்கரைக்கு மூன்று மணிக்குள் கிளம்புங்கள். இந்த மாதிரிப் பூச்சிப் பை வாங்க ஆசைப்பட்டால், முதலில் எதற்காக என்று உங்களையே கேளுங்கள். "சும்மா" என்று பதில் வந்தால் வேண்டாம். எனக்கு அந்தப் பதில்தான் வந்தது.

போன வாரம் ஜெயந்தி போன் செய்தாள். அறை கிடைத்துவிட்டது! கூடவே ஒரு உறுதிமொழிப் படிவம்: இனி உயிருள்ள எதையும் சோதனைக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"ஏட்டி, கூட்ட மாட்டேன்னுதானே சொன்னேன், தொடவே மாட்டேன்னா சொன்னேன்? இங்க நிலம் ஆடுற ஊருட்டி" என்று கத்தினாள்.

"அப்போ போடலையா?"

"போட்டேன். பிள்ளைங்க தலை இடிக்குதே. ஆனா கையெழுத்துக்கு மேல என் கையால ஒரு வரி எழுதிட்டேன்: உள்ளே ஆள் இருந்தால் தவிர."

சாவி வந்துவிட்டதாம். அந்த வரிக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.