எழுபது வயதில் பெரிய மனுஷி

டெம்பிளில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், நம் ஆட்கள் உடனே கேட்பது, "மடப்பள்ளியிலயா?" என்பதுதான். அது யூதர்களின் கோயில். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அங்கே வருகிறவர்களே அதை டெம்பிள் என்றுதான் சொன்னார்கள். வேறு பெயர்களும் சொன்னார்கள். அவை என் வாயில் நுழையவில்லை. உள்ளே சிலை கிடையாது. செருப்பைக் கழற்ற வேண்டாம், ஆனால் ஆண்கள் தலையை மூட வேண்டும். முதல் நாள் நான் பழக்கத்தில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போனேன். யாரோ தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து அதைக் காணாமல் போன சாமான்களுக்கான பெட்டியில் போட்டுவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கிரீன் கார்டு வந்த பிறகு, அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடந்த டேகேரில் எனக்கு உதவியாள் வேலை கிடைத்தது. நான் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் காதில் விழும், புரியும், பதில் மட்டும் தொண்டையில் நின்றுவிடும். டேகேர் குழந்தைகளுக்கும் இன்னும் பேச்சு சரியாக வந்திருக்கவில்லை. அதனால் எங்களுக்குள் சிரமமில்லை. பெரியவர்களைக் கண்டால்தான் நான் டயப்பர் அலமாரிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வேன்.

சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. வரப்போகிற நிகழ்ச்சிகளை அதில் ஒட்டுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். படித்தாலும் குழப்பம்தான். பண்டிகை வியாழக்கிழமை என்று போட்டிருக்கும். புதன்கிழமை பொழுது சாயும்போதே ஆட்கள் நல்ல உடுப்பில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு நாள் சாயங்காலத்தில் தொடங்குகிறதாம். பழத்தைக் கொண்டாட ஒரு பண்டிகை, வெளியில் கொட்டகை போட்டு அதில் உட்கார்ந்து சாப்பிட ஒரு பண்டிகை, குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு சத்தம் போட ஒரு பண்டிகை. எதற்கு எது என்று எனக்கு மனதில் ஒட்டவே இல்லை.

அந்தப் பலகையில் அடிக்கடி வந்த ஒரு சொல் "பேட் மிட்ஸ்வா". கூடவே ஒரு பெண்பிள்ளையின் போட்டோ இருக்கும். பையன் போட்டோ என்றால் "பார் மிட்ஸ்வா". என் மகள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள்.

"பேட் மிட்ஸ்வான்னா என்னடி?"

"இட்ஸ் வென் எ கேர்ல் பிகம்ஸ் அன் அடல்ட், மா. ட்வெல்வ், தர்ட்டீன். தே ஹேவ் எ பிக் பார்ட்டி."

"பெரியவளாகிறதுக்கா? எல்லாரையும் கூப்பிட்டா?"

"யா. ஒய்?"

அவள் சொன்னது அடல்ட். என் காதில் விழுந்தது பெரிய மனுஷி. எங்கள் பக்கம் சடங்கு என்போம். குடிசை கட்டி உட்கார வைத்து, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிற அந்த விசேஷம்தான் என்று எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவில் இதற்குப் பிள்ளையின் போட்டோவோடு நோட்டீஸ் ஒட்டுகிறார்களே என்று எனக்கு ஒரே கூச்சம். என் மகளோ, தனக்கு அப்படி ஏதாவது நடந்தால் ஒரு ஆன்டியிடமும் மூச்சு விடக்கூடாது என்று முன்கூட்டியே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மான்மவுத் ஜங்ஷனில் இருந்த என் சிநேகிதியிடம் போனில் கேட்டேன். ஈரோட்டுப் பக்கத்துக்காரி, என்னைவிடச் சின்னவள், எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பாள்.

"அட, அது நம்மூருல வயசுக்கு வந்தா செய்யற சீருதானுங்க்கா. எல்லா ஊருலயும் இருக்கறதுதானே?"

"பையனுக்கும் வைக்கிறாங்களே?"

"பையனுக்குப் பூணூல் மாதிரி ஏதாவது இருக்குமுங்க. நாம போய்க் கேக்க முடியுமா?"

அதோடு எனக்குத் தெளிந்துவிட்டது. தெளிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

டேகேர் சமையலறைக்கு ஓர் அம்மாள் சம்பளமில்லாமல் வந்து குழந்தைகளுக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுப்பார். ஏதோ ஒரு மருந்துக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. அங்கே எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எழுபது வயதுக்காரரை நான் எப்படிப் பெயர் சொல்வது? ஆன்டி என்றேன். "நான் உனக்கு எந்த வழியில ஆன்டி?" என்று முதலில் கேட்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷில். எனக்குப் புரிந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

ஒரு நாள் ஆப்பிள் நறுக்கிக்கொண்டே சொன்னார், "மே மாசம் என்னோட பேட் மிட்ஸ்வா. நீ கட்டாயம் வரணும்."

நான் தட்டைக் கீழே வைத்தேன். "யாருக்கு ஆன்டி?"

"எனக்குத்தான். ஏன், எழுபது வயசுல கூடாதா?"

"கூடாதுன்னு இல்ல..."

"என் அண்ணனும் இப்படித்தான் முழிச்சான். அவனுக்கு பதிமூணு வயசுல ஜாம் ஜாம்னு பண்ணாங்க. எனக்கு ஏன் இல்லன்னு அப்பாகிட்ட கேட்டேன். பொண்ணுக்கு எதுக்குன்னுட்டார். இவ்வளவு நாள் காத்திருந்தாச்சு."

நான் பல்லைக் காட்டிவிட்டு நாற்காலிகளைத் துடைக்கப் போய்விட்டேன். பொண்ணுக்கு எதுக்கு என்றால்? பொண்ணுக்குத்தானே அது? அண்ணனுக்கு எப்படி ஜாம் ஜாமென்று? அன்று முழுக்க மண்டை குடைந்தது.

சிநேகிதி இதற்கும் அசரவில்லை. "அக்கா, நாம அறுபதாம் கல்யாணம் பண்ணறதில்லீங்களா? ஒருக்கா முடிஞ்ச கல்யாணத்தைத்தானே மறுபடியும் பண்ணறோம்? பாவம், இவங்களுக்கு அப்ப விட்டுப்போன சீரு. இப்ப செய்யறாங்க. சும்மா போகாதீங்க, ஏதாச்சும் செஞ்சு கொண்டுபோங்க."

சரியென்றே பட்டது. பிள்ளையில்லாத மனுஷி, அவருக்கு யார் செய்வார்கள்? ஊரிலிருந்து வந்த கருப்பட்டி கொஞ்சம் இருந்தது. உளுந்தை வறுத்துத் திரித்து, நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டினேன். டெம்பிள் சமையலறைக்குள் வெளியில் சமைத்த எதையும் கொண்டுபோகக் கூடாது. பாலுக்கு ஒரு சிங்க், கறிக்கு ஒரு சிங்க் என்று அங்கே எல்லாம் தனித்தனி. அதனால் பார்க்கிங் லாட்டை ஒட்டிய பெஞ்சுக்கு, நான் தினமும் மதியம் சாப்பிடுகிற இடத்துக்கு, ஆன்டியைக் கூட்டிப்போனேன். விசேஷத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

டப்பாவைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார். "இதுல கறி இருக்கா?"

"இல்ல ஆன்டி. பருப்பு, வெல்லம், எண்ணெய்."

ஒரு வாய் எடுத்தார். எண்ணெய் உதட்டில் மின்னியது. "நல்லாருக்கு. வழுக்கிட்டுப் போகுது. இது என்ன பண்டிகைக்கு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, இருந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டிச் சொன்னேன். பெண்ணுக்குக் கொடுப்பது. அவள் பெரியவளாகும்போது. அந்த மாசம், முதல் தடவை. இடுப்புக்கு பலம். உங்களுக்கும் விசேஷம் வருகிறதே, அதனால்.

ஆன்டி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். காரிலிருந்து இறங்கிய ஒருவர் என்னவோ ஏதோ என்று நின்று பார்த்தார்.

"என் செல்லமே," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தக் கடை திறந்து, மூடி, கட்டடத்தையே இடிச்சாச்சு."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அப்புறம்தான் அவர் நிதானமாகச் சொன்னார். இது உடம்பு சமாச்சாரமே இல்லை. அந்த வயது வந்தால் அவர்களுடைய வேதச் சுருளைச் சபை முன்னால் நின்று படிக்கலாம், அதுதான் விசேஷம். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெண்களைப் படிக்க விடவில்லை. இப்போது இந்தக் கோயிலில் விடுகிறார்கள். ஆனால் சுருளில் மெய்யெழுத்து மட்டும்தான் இருக்குமாம், உயிர் கிடையாதாம். ராகமும் எழுதியிருக்காதாம். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

"கேசட் போட்டுப் போட்டுக் கேக்கறேன்," என்றார். இப்போது சிரிப்பு இல்லை. "ராத்திரி வருது, காலைல மறந்துபோகுது. ரபை என்ன சொல்றார் தெரியுமா? கஷ்டமா இருந்தா நீங்க ஆசீர்வாதம் மட்டும் சொல்லுங்க, படிக்கிறதுக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம்ங்கறார்." ரபை என்பவர் அவர்களுடைய குரு.

"அது பரவாயில்லையே ஆன்டி."

"பரவாயில்லையா? வேற ஆள் படிக்கறதைத்தான் எழுபது வருஷமா கேட்டுட்டு இருக்கேன்." டப்பாவின் ஓரத்தை வழித்தார். "ஆனா என் அண்ணன் ஃப்ளோரிடாலேர்ந்து வர்றான். அவனுக்கு அத்தனையும் மனப்பாடம். ஒரு எழுத்து தப்பினாலும் சும்மா இருக்க மாட்டான்."

எனக்குச் சடங்கு வைத்தபோது என்னைப் பேசவே விடவில்லை. தலையைக் குனிந்து உட்கார் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே வேலை. இங்கே அதே வயதில் பெண்ணை நிமிர்ந்து நின்று படி என்கிறார்கள். அது நல்லதா, கஷ்டமா? எழுந்து நின்று படிக்கச் சொல்லியிருந்தால் நான் செத்தே போயிருப்பேன்.

"இடுப்புக்கு பலம்னா மிச்சத்தையும் கொடு," என்றார் ஆன்டி. "அன்னிக்கு ரொம்ப நேரம் நிக்கணும்." படிக்கப் போகிறாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

விசேஷ நாளான சனிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். கீழ்த்தளம் தெரிந்த எனக்கு மேல்தளக் கூடம் புதிது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கையில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். திறந்தேன், பக்கத்தில் இருந்த பெண் அதை வாங்கித் திருப்பி, பின்னாலிருந்து திறந்து கொடுத்தார். எல்லாரும் எழுந்தால் எழுந்தேன். சில சமயம் நான் எழுந்தபோது அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆன்டியைக் கூப்பிட்டார்கள். மேடையில் பெரிய மேஜை, அதன்மேல் விரித்த சுருள். வெள்ளைச் சால்வை போர்த்திக்கொண்டு மேஜை முன்னால் நின்றார். இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். வலப்பக்கம் நின்ற வயதானவரின் மூக்கும் நெற்றியும் ஆன்டியின் அச்சு. அண்ணன்தான். அவரை எதற்கு அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்?

முதலில் சின்னதாக எதையோ பாடினார். ஆசீர்வாதமாக இருக்க வேண்டும். அதோடு நகர்ந்துவிடுவார் என்று பார்த்தேன். நகரவில்லை. வெள்ளிக்குச்சி ஒன்றைச் சுருளில் வைத்து, படிக்கத் தொடங்கினார். மெல்லிய குரல், ஏறி இறங்கியது. நான் மூச்சை விட்ட நேரத்தில், அண்ணன் சத்தமாக ஒரு வார்த்தை சொன்னார். அத்தனை பேர் முன்னால். ஆன்டி நின்றார். அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அண்ணன் குரல். மறுபடியும் நின்று, சொல்லி, போனார். இப்படியா சபையில் வைத்து அவமானப்படுத்துவார்கள்? ஒருவராவது அவரைத் தடுக்க வேண்டாமா? சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த தடவை ஆன்டி தானாகவே நின்றுவிட்டார். குச்சி நகரவில்லை. அண்ணன் குனிந்து, இந்தத் தடவை மெதுவாக, என்னவோ சொன்னார். போதும், போய் உட்கார் என்கிறார் என்றே நினைத்தேன். ஆன்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னைவிட உரக்கத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு கடைசிவரை அவர் நிற்கவே இல்லை.

முடிந்ததும் நாலாபக்கமிருந்தும் அவர்மேல் எதையோ வீசினார்கள். ஒன்று அவர் தோளில் பட்டது. நான் பாதி எழுந்துவிட்டேன். என் டேகேர் பிள்ளைகள் மேடையைப் பார்த்து ஓடினார்கள். தரையில் விழுந்ததைப் பொறுக்கி வாயில் போட்டார்கள். மிட்டாய். பக்கத்தில் இருந்த பெண் என் கையிலும் இரண்டைத் திணித்து, "வீசுங்க," என்றார். எனக்குக் கை வரவில்லை.

கீழே சாப்பாட்டின்போது ஆன்டி என்னைத் தேடி வந்தார். முகம் சிவந்திருந்தது. நான் ஆறுதலாக, "அண்ணன் ரொம்பத் திட்டிட்டார் இல்ல?" என்றேன்.

"திட்டினானா?" அவருக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. "திருத்தினான். தப்பாப் படிச்சா திருத்தியே ஆகணும், அதுக்குத்தான் பக்கத்துல ஆள் நிக்கறது. ஏதோ பொம்பளை பாடறா, போகட்டும்னு நினைச்சிருந்தான்னா வாயைத் திறந்திருக்க மாட்டான்." உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஒவ்வொரு எழுத்தா கேட்டிருக்கான் பாரு."

அதற்குள் அண்ணனே தட்டோடு வந்துவிட்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தங்கையிடம், "அந்த ரெண்டாவது வார்த்தையை நீ திருப்பிச் சொன்னப்பவும் தப்பாத்தான் சொன்ன," என்றார்.

"சரியாத்தான் சொன்னேன். உனக்குக் காது கேக்கல."

"காது கேக்காதவன் எப்படித் திருத்துவான்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"வா, புத்தகத்தைப் பாத்துருவோம்."

"வா."

இரண்டு பேரும் தட்டுகளை என் முன்னால் வைத்துவிட்டு, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே மாடிப்படி ஏறினார்கள். வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஓர் அம்மாள் என்னிடம் வந்து, விசேஷக்காரி எங்கே என்று கேட்டார். சண்டை போடப் போயிருக்கிறார் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் உண்டு. ஆனால் அது சண்டைதானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"மேல," என்றேன். "படிக்கிறாங்க."