வெள்ளைப் பூ வராத வீடு

ஈர அரளியின் கசப்பு வாடை விரலில் ஏறிவிட்டால், சோப்புப் போட்டுக் கழுவினாலும் லேசில் போகாது. ஒன்பது வயதில், மாசியும் பங்குனியுமாக ஐந்து வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானச் சோற்றை நான் அந்த வாடையோடுதான் தின்றேன். எல்லாம் நாமக்கல்லில் எங்கள் அம்மா வாங்குவதற்குப் பேசி வைத்திருந்த ஓர் ஓட்டு வீட்டால் வந்தது.

அப்பா லாரி ஓட்டினார். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப இருபது நாள் ஆகும் என்பதால், வீடு பார்ப்பதும் பேசுவதும் அம்மா தலையில்தான் விழுந்தது. நாங்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருந்தது ஒற்றை அறை. அதன் சொந்தக்காரர் மகனுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்துவிட்டு, அதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர் மனைவி தண்ணீர் சேந்த வரும்போதெல்லாம், "ஊடு வாங்கறவங்க இன்னும் எங்கூட்டுலயே இருக்கறீங்களே" என்று சிரித்துக்கொண்டே குத்திவிட்டுப் போவார். அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றுவார்.

ஓட்டு வீட்டுக்காரர் சேலத்தில் மரக்கடை வைத்திருந்தார். வீட்டில் இருந்தது அவருடைய அக்கா நல்லாயி மட்டும். கணவரை இழந்தவர், பிள்ளை கிடையாது. தையில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். மாசியில் கிரயம் என்று பேச்சு. மாசி பிறந்ததும் வந்த மரக்கடைக்காரர், பூ கேட்காமல் தங்கள் குடும்பத்தில் ஒரு கன்றுக்குட்டியைக்கூடக் கைமாற்றுவதில்லை என்றார்.

எங்கள் பக்கம் "பூ கேக்கறது" புதிதல்ல. வெள்ளை அரளியை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் பொதிந்து, நூல் சுற்றி அம்மன் காலடியில் வைத்து, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுவார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதித்தாள். சிவப்பு வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பொட்டலம் கட்டி வருவது நல்லாயி, எடுப்பது நான். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லி, அவரே அதைக் கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்.

முதல் வெள்ளி சிவப்பு வந்தது. அடுத்த வெள்ளியும் அப்படியே. மரக்கடைக்காரர் கையை விரித்து, "ஆத்தா உத்தரவு குடுக்கலீங்களே அம்மிணி, நான் என்னங்க பண்டறது" என்று அடுத்த பஸ்ஸுக்கு நடந்தார். அவருக்கு வேறு யாரோ கூடுதலாகத் தருவதாக ஆசை காட்டியிருக்கிறார்கள் என்று அம்மா சந்தேகப்பட்டார். வீட்டில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று லாரியிலிருந்து வந்து இறங்கிய அப்பா சந்தேகப்பட்டார். நான்காவது சிவப்புக்குப் பிறகு தெருவே என் கையைச் சந்தேகப்பட்டது. வேறு பிள்ளையை எடுக்கச் சொல்லலாமா என்று அம்மா பூசாரியிடம் மெதுவாகக் கேட்டது என் காதிலும் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் நான் மூன்று வருஷம்தான் உட்கார்ந்தேன், படிப்பைக் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வேன். ஆனால் என் கையைக் குறை சொன்னால் அன்றைக்கும் பொறுக்காது, இன்றைக்கும் பொறுக்காது.

என் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. தப்பு கையில் இல்லையென்றால் பொட்டலத்தில்தானே இருக்க வேண்டும்? ஐந்தாவது வெள்ளி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு. நல்லாயி குனிவதற்குள் மற்றதையும் எடுத்து, பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

பூசாரி மணியைக் கீழே வைத்தார். மரக்கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். நல்லாயி அழவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தம்பியிடம், "ஊட்ட வித்துப்போட்டா நான் எங்க சாமி போறது? உம் பொண்டாட்டி சமையக்கட்டுக்கா?" என்று கேட்டார்.

அம்மா நல்லாயி பக்கம் திரும்பினார். கொல்லைப்பக்கத்துச் சின்ன அறையில் உயிரோடிருக்கும்வரை நல்லாயி இருந்துகொள்ளலாம், ஆனால் அதைப் பத்திரத்தில் எழுத முடியாது என்றார். எழுதிவிட்டால் நாளைக்கு யார் யார் உரிமை கேட்டு வருவார்களோ என்று அம்மாவுக்குப் பயம்.

"வாய்ச்சொல்ல எப்படிங்க நம்பறது?" என்றார் நல்லாயி.

"நீங்க கட்டுன பொட்டலத்த நாங்க அஞ்சு வாரம் நம்புனோமில்லீங்களா?" என்றார் அம்மா.

பங்குனி முடிவதற்குள் கிரயம் ஆனது. கல்யாணப் பந்தலுக்குக் கால் நடுவதற்கு முன்பே எங்கள் சாமான்கள் ஓட்டு வீட்டுக்குப் போய்விட்டன. நல்லாயி பதினெட்டு வருஷம் அந்த அறையில் இருந்தார். அம்மா கொல்லைப்பக்கம் வந்தால் தம் டிரங்குப் பெட்டியைப் பூட்டுவார். அவர் முன்பக்கம் வந்தால் அம்மா பருப்பு டப்பாவை எண்ணுவார். ஆனாலும் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்தான் கஞ்சி வைத்தார், உப்புப் போதவில்லை என்ற சண்டையோடு. தம்பிக்குத் தெரியாமலா அக்கா சிவப்பைச் சிவப்போடு கட்டினார் என்ற சந்தேகம் மட்டும் அம்மாவுக்குக் கடைசிவரை போகவில்லை. எனக்கும் போகவில்லை. நான் இரண்டாவது பொட்டலத்தில் கை வைத்தபோதே, பிரிப்பதற்கு முன்னாலேயே, மரக்கடைக்காரரின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அம்மாவும் போய்விட்டார், நல்லாயியும் போய்விட்டார். போன வருஷம் என் தம்பி பிள்ளைகள் ஓட்டு வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பினார்கள். இடிப்பதற்கு முன் வக்கீலை உட்கார வைத்துப் பழைய காகிதங்களை எல்லாம் புரட்டினார்கள். எனக்கும் என் தங்கைக்கும் பாத்தியதை உண்டு என்று எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்த பிறகுதான் போட்டேன். வீட்டின் நாலு எல்லையும் அந்தப் பத்திரத்தில் இருந்தது, கிணறு இருந்தது, ஒரு புளியமரம்கூட இருந்தது. நல்லாயி பேர் எங்கேயும் இல்லை. அந்த அறை இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது.